புற்றடியில் நின்ற டிஷ்

மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனால் அக்கம்பக்கத்து டிஷ்கள் எல்லாம் ஒரே பக்கமாக முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவற்றைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். பள்ளிக்கூட நாட்களில் ஒரு கோடை விடுமுறையில் பாதியை "வந்துட்டு", "போயிட்டு" என்ற இரண்டே சொற்களைக் கத்திக் கத்திக் கழித்தவள் நான். அதுவும் சும்மா இல்லை, அக்கினி நட்சத்திர வெயிலில். இன்றைக்கும் அலுவலகத்தில் யாராவது "சிக்னல் இல்லை மேடம்" என்று வந்து நின்றால், அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று வருகிறது.

பெரியப்பா வடக்கே ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஆயுசில் முக்கால்வாசியை அங்கேயே கழித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். பிள்ளை குட்டி கிடையாது. பெரியம்மாவும் முந்தின வருடமே தவறிவிட்டாள். வந்த மனிதர் எங்களோடு டவுனிலேயே இருந்திருக்கலாம். மாட்டேன் என்றார். அவருக்கும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக, இளையரசனேந்தல் போகிற வழியில் தார் ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி, மானாவாரிப் புஞ்சை ஒன்று கிடந்தது. அதில் போய் ஒரு வீட்டைக் கட்டினார். கட்டிவிட்டு அதற்கு 'லீவு வீடு' என்று பேரும் வைத்தார். தம்பிமார் பிள்ளைகள் லீவுக்கு வந்து தங்குவதற்கென்றே ஒரு வீடு. வடக்கே அவருடைய அதிகாரிகள் மலைமேல் அப்படி வீடு வைத்திருந்தார்களாம்.

அவர்களுக்கு மலை இருந்தது, வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு எங்கே போவது? நல்ல வெளிச்சமான நாளில் மேற்கே சிவகிரிப் பக்கம் நீலமாக ஒரு கோடு தெரியும், அதுதான் மலை. மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரிசல், வெடித்துக் கிடக்கும். நிழல் என்று சொல்ல வீட்டுக்குத் தென்கிழக்கே ஒரு பெரிய புளியமரம். அந்த மரம் நின்றதால்தான் பெரியப்பா அங்கே வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார். மரத்தைத் தாண்டினால் ஒரு கிணறு. கிணற்றைத் தாண்டி, வரப்போரம் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று. செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து அந்தப் புற்றுக்குப் பால் ஊற்றி, மஞ்சள் பூசிவிட்டுப் போவார்கள். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் புற்று என்றால் வெறும் மண் இல்லை. எங்கள் வீட்டிலேயே சாமி படத்துக்குக் கீழே கோயில் புற்றுமண் டப்பாவில் இருக்கும். வயிறு வலித்தாலும் அதுதான், அரிப்பு எடுத்தாலும் அதுதான்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு காய்வதற்குள், காற்றிலிருந்து கரண்ட் எடுக்கிற பெரிய காற்றாடி போடுகிறவர்கள் அந்தப் புஞ்சையைக் கேட்டு வந்துவிட்டார்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. பெரியப்பாவுக்கு மனசில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேரும் பேசினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. அண்ணன் முகத்துக்கு நேரே குரலை உயர்த்துகிற பழக்கம் எங்கள் அப்பாவுக்குக் கிடையாது.

"அந்தப் பொட்டக்காட்டுல யாருண்ணேன் போயி இருக்கப் போறா?" என்று மட்டும் கேட்டார்.

"புள்ளைக வரும்லா" என்றார் பெரியப்பா.

"வரும். மறுநாளே திரும்பி வந்துரும்."

"லீவு பூரா இருந்துட்டா?"

அப்பா சிரித்துவிட்டார். "இருந்துட்டா நான் விக்கிற பேச்சே எடுக்க மாட்டேன். நீங்களே வச்சுக்கிடுங்க."

சித்தப்பாவும் தலையாட்டினார். இப்படியாக, ஒரு வீடு இருப்பதா போவதா என்பது எங்கள் மூன்று பேர் தலையில் வந்து விழுந்தது. மூன்று பேர் என்றால் நான், என் தம்பி, மதுரையிலிருந்து வந்த சித்தப்பா மகன். நான்தான் மூத்தவள். லீவு முழுக்க நாங்கள் அங்கே இருந்துவிட்டால் வீடு பெரியப்பாவுக்கு. இல்லாவிட்டால் காற்றாடிக்கு. எங்களுக்கும் இது நன்றாகவே தெரியும். ஏனென்றால் பெரியப்பாவே போகிற வழியில் பஸ்ஸில் வைத்துச் சொல்லிவிட்டார். "உங்கள நம்பித்தான்ட்டி இருக்கேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை எல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான். பெரியப்பா எங்களுக்காக என்னென்னவோ செய்து வைத்திருந்தார். கிணற்றைத் தூர் வாரி, நீச்சல் பழக லாரி ட்யூபில் காற்றடித்துச் சுவரில் மாட்டியிருந்தார். கேரம் போர்டு வாங்கி வைத்திருந்தார். புளியமரத்தில் ஊஞ்சல் தொங்கியது. சித்தப்பா மகன் இவை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போய், மூலையில் துணி போட்டு மூடியிருந்த டி.வி.யைத் திறந்தான். பெரியப்பா வடக்கேயிருந்து கொண்டு வந்த பழைய பெட்டி. போட்டான். கொசு பறக்கிற மாதிரி வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள். வேறொன்றும் இல்லை.

"கேபிள் இல்லியா?" என்று கேட்டான்.

அந்தக் காட்டில் கேபிளாவது ஒன்றாவது. தார் ரோட்டுக்கே கேபிள் வந்து சேரவில்லை. அவ்வளவுதான், மதுரைக்காரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்குக் கிரிக்கெட். என் தம்பிக்குப் பொம்மைப் படம். எனக்கு ஒரு பாட்டுப் போட்டி. அந்த மே மாதக் கடைசியில் அதன் இறுதிச் சுற்று. அதைப் பார்க்காவிட்டால் பள்ளிக்கூடம் திறந்ததும் தோழிமார் முகத்தில் எப்படி முழிப்பது? ராத்திரி சாப்பாட்டின்போது தம்பி அழ ஆரம்பித்தான். தோசை கருகியிருந்தது என்பதும் உண்மைதான். பெரியப்பாவுக்கு அப்போதுதான் அடுப்பு பழகிக்கொண்டிருந்தது. ஆனால் அழுகை டி.வி.க்குத்தான். மறுநாள் முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இரண்டு பயல்களும் ஒற்றைக் காலில் நின்றார்கள். பெரியப்பா எழுந்து கையைக் கழுவினார்.

"முதல் பஸ்ல நான் போறேன். டி.வி.ய வரவச்சிருதேன். நீங்க எங்கயும் போகாதிய மக்கா" என்றார். வடக்கே இத்தனை வருடம் இருந்துவிட்டும், மனம் தடுமாறினால் அவர் பேச்சில் ஊர் வந்துவிடும்.

மறுநாள் மத்தியானம், சங்கரன்கோவிலிலிருந்து டிஷ் மாட்டுகிறவர் பைக்கில் வந்தார். பின்னால் பெரியப்பா, டிஷ்ஷை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலை முதல் கால் வரை புழுதி. டிஷ்காரர் மாடி ஏறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தென்கிழக்கு வானம் திறந்திருந்தால்தான் படம் வருமாம். எங்கள் தென்கிழக்கில்தான் புளியமரம் விரிந்து நிற்கிறதே. மரத்தை வெட்டலாமா என்று சித்தப்பா மகன் கேட்டான். பெரியப்பா அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். மேற்கே வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் காடு. ஆகையால் வயரை இழுத்துக்கொண்டு மரத்தைத் தாண்டி, கிணற்றைத் தாண்டிப் போனார்கள். மர நிழல் முடிந்து வானம் திறந்த இடமும், வயர் எட்டிய கடைசி இடமும் ஒன்றாகவே இருந்தன. புற்றுக்குப் பக்கத்தில்.

டிஷ்காரர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க என்ன சொன்னாலும் சரி, நான் இங்கன குழி தோண்ட மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"நானும் தோண்டச் சொல்ல மாட்டேன் வே" என்றார் பெரியப்பா. அவருக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனாலும் புற்றைப் பார்த்த பார்வையில் அவரும் ஊர்க்காரர்தான் என்று தெரிந்தது. கடைசியில் வீடு கட்டி மிச்சமிருந்த பெயிண்ட் வாளியில் சிமெண்ட்டைக் குழைத்து ஊற்றி, நடுவில் கம்பியை நட்டு, அது இறுகினதும் புற்றுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் தூக்கி வைத்து, அதன்மேல் டிஷ்ஷை மாட்டினார்கள். யாரும் பூமியைத் தொடவில்லை. டிஷ்காரர் போகும்போது புற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

தோண்டி நட்டால் அது பாட்டுக்கு நிற்கும். வாளியில் நட்டது நிற்குமா? ஓர் ஆடு உரசினால் திரும்பிவிடும். விரல்கடை திரும்பினால் போதும், படம் போய்விடும். ஆடு மேய்க்கிறவர்களுக்கு அந்த வரப்புதான் ராஜபாட்டை. ஆகவே தினமும் திருப்ப வேண்டும். பெரியப்பா டிஷ்ஷடியில் நிற்பார். வீட்டுக்குள் சித்தப்பா மகன், திரையில் தெரிகிற இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டு. சிக்னல் எவ்வளவு, அதன் தரம் எவ்வளவு என்று காட்டுகிற கோடுகள். அங்கே கத்தினால் இங்கே கேட்காது என்பதால் நடுவில், புளியமரத்தடியில், நான்.

"இப்பம்?" என்பார் பெரியப்பா.

"இப்பம்?" என்று நான் வீட்டைப் பார்த்துக் கத்துவேன்.

"வரல!" என்பான் அவன். நான் திரும்பி, "வரல!" என்பேன். படம் வந்துவிட்டால் "வந்துட்டு!" என்பான். நான் திரும்பிச் சொல்வதற்குள் பெரியப்பா டிஷ்ஷை இன்னும் கொஞ்சம் தள்ளியிருப்பார். "போயிட்டு!" இப்படியே போகும். வெயில் உச்சிக்கு ஏறி மண்டையைப் பிளக்கும். கடைசியில் ஒருவழியாகப் படம் நின்றதும் நான் ஓடிப் போய் டி.வி. முன்னால் விழுவேன். பெரியப்பா மட்டும் சிறிது நேரம் அங்கேயே நிற்பார், எதற்கும் இருக்கட்டும் என்று.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் பெண்கள் புற்றுக்கு வந்துவிட்டுப் போன பிறகு படம் சுத்தமாகப் போய்விட்டது. போய்ப் பார்த்தால், அட கடவுளே, டிஷ்ஷுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. அதன் மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்குமே, அதில் அப்பியிருந்தது ஒரு கை மஞ்சள். கம்பியில் வேப்பிலையும் கதம்பமும். தட்டின் அடி விளிம்பில் ஒரு முட்டைகூட இருந்தது. சித்தப்பா மகன் ஆத்திரத்தில் தையத்தக்கா என்று குதித்தான். பின்தங்கி நின்ற ஓர் அம்மாள் பெரியப்பாவைப் பார்த்ததும் ஈரக் கையோடு வந்து கும்பிட்டாள்.

"நாகம்மாளுக்குக் குடை வச்சது நீங்கதானா சார்? இத்தன வருசமா வெயில்ல கெடந்தா. யாருக்கும் தோணலியே. நல்லா இருப்பிய."

பெரியப்பா அவசரமாகத் தானும் கும்பிட்டார். "சரி தாயி" என்றார். வேறு என்ன சொல்வது? பாட்டுப் போட்டி பார்க்க வைத்தது என்றா சொல்ல முடியும்? அவள் போன பிறகு தோளில் கிடந்த துண்டைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து மஞ்சளைத் துடைத்தார். அடுத்த செவ்வாயும் துடைத்தார். மறு வெள்ளியும் துடைத்தார். 'தொடாதே' என்று ஒரு பலகை எழுதி வைக்கலாம் என்றான் சித்தப்பா மகன். "அவுக மனசு சங்கடப்படும்லா" என்று பெரியப்பா மறுத்துவிட்டார். பிறகு ஒரு நாள் முழுக்க யோசித்து, காவியும் சுண்ணாம்பும் வாங்கி வந்து அந்தப் பெயிண்ட் வாளிக்குக் கோயில் மதில் மாதிரி பட்டை பட்டையாக அடித்தார். அதற்கு மேலே பொட்டும் வைத்தார். அதன் பிறகு பெண்கள் வாளிக்கே மஞ்சள் பூசி, வாளிக்கே பூ வைத்துக் கும்பிட்டுப் போனார்கள். டிஷ் தப்பித்தது. ரயில்வேயில் இவர் என்ன வேலை பார்த்திருப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது.

ஆட்டைப் பெரியப்பா துரத்திக்கொள்ள, மஞ்சளும் வாளியோடு நின்றுவிட, படம் நன்றாக வந்துவிட்டது. நன்றாக என்றால் அப்படி இப்படி இல்லை, டவுனில் கேபிளில்கூட அவ்வளவு துல்லியமாக வராது. பாடுகிற பிள்ளையின் மூக்குத்தி தெரியும். நாங்கள் காலையில் பல் தேய்த்த கையோடு உட்கார்ந்தால் படுக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம். சாப்பாடு அங்கேயே வந்துவிடும். பெரியப்பாவின் தோசையும் ஒருவாறு கருகாமல் வர ஆரம்பித்தது, ஆனால் அதை யார் கவனித்தார்கள்?

அவருக்கு எங்களோடு பேச வேண்டும். அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் என்ன, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். எங்களுக்குக் கழுத்தறுப்பாக இருக்கும். "ம்" என்போம். நாலைந்து நாளில் அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். விளம்பரம் வரும்போது மட்டும் பேசுவது. விளம்பரம் ஆரம்பித்ததும் அவசர அவசரமாக ஆரம்பிப்பார். "உங்கப்பன் சின்னப்புள்ளையில ஒரு நாள் வீட்ட விட்டு ஓடிப் போயிட்டான், தெரியுமா?" நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம். அப்பாவா? எங்கள் அப்பாவா? கடையநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டானாம், பெரியப்பா வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போனாராம், அங்கே ஒரு ஜவுளிக் கடை வாசலில்... அந்த இடத்தில் நிகழ்ச்சி வந்துவிட்டது. யாரும் அவரைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. அவராகவே சொல்லை நடுவில் விட்டுவிட்டார். அடுத்த விளம்பரத்தில் தொடர்ந்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் தம்பிக்குத் தாகம் எடுத்தது, எனக்கு வேறு என்னவோ. அந்த ஜவுளிக் கடை வாசலில் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அப்பாவிடம் கேட்டால், "அதெல்லாம் ஞாபகம் இல்லம்மா" என்கிறார்.

சாயங்காலத்தில் கரண்ட் போகும். அந்த வருடங்களில் போகாத நாள் ஏது? கரண்ட் போனதும் பெரியப்பாவின் குரலே மாறிவிடும். "வாங்க வாங்க, வெளிய காத்தா இருக்கு" என்று பாயை எடுத்துக்கொண்டு முன்னால் போவார். கிணற்றுக்குப் போகலாமா, கேரம் ஆடலாமா என்பார். எங்களுக்கு அதில் ஒன்றும் ஓடாது. "கரண்ட் எப்ப வரும்? எப்ப வரும்?" என்று அவர் உயிரை வாங்கினோம். சித்தப்பா மகன் ஒரு நாள், கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் கரண்ட் போனதற்குத் தரையில் புரண்டு அழுது, உடனே அப்பாவுக்குப் போன் போடு, நான் மதுரைக்குப் போகிறேன் என்றான். பெரியப்பா அவனைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். நடக்கவில்லை. அடுத்த நாள் மறுபடியும் முதல் பஸ். திரும்பி வரும்போது ஒரு ஆட்டோவில், பெரிய பாட்டரியும் இன்வெர்ட்டரும்.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது, டி.வி. போகவில்லை. நாங்கள் ஓவென்று கத்திக் கைதட்டினோம். பெரியப்பாவும் எங்களோடு சேர்ந்து கைதட்டினார். பிறகு பாயைச் சுருட்டி உள்ளே வைத்தார்.

விடுமுறை முடிகிற தறுவாயில் கச்சான் ஆரம்பித்துவிட்டது. மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று. எங்கள் பக்கத்தில் அது அடிக்க ஆரம்பித்தால் காது அடைக்கும். காற்றாடிக்காரர்கள் எங்கள் புஞ்சையைக் கேட்டதே இந்தக் காற்றுக்காகத்தான். வாளியாவது சிமெண்டாவது, டிஷ் தள்ளாடியது. பெரியப்பா வாளியைச் சுற்றிக் கல்லை அடுக்கினார். அப்படியும் தட்டு ஆடியது. அன்றைக்கென்று என் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. படம் சில்லுச் சில்லாக உடைந்து, நின்று, மறுபடி உடைந்தது. என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. பெரியப்பா எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் படம் அசையாமல் நின்றது.

"வந்துட்டு!" என்று சித்தப்பா மகன் கத்தினான். நான் வாசலுக்கு ஓடி, "வந்துட்டு பெரியப்பா! அப்படியே நில்லுங்க!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடி வந்தேன்.

அவர் அப்படியே நின்றார். போட்டி முடிகிற வரைக்கும். இரண்டு கையாலும் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேட்டி காலோடு ஒட்ட, கரிசல் புழுதி முழுக்க அவர் மேல். விளம்பரத்தின்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விளம்பரத்திலாவது அவரைக் கையை எடுக்கச் சொல்லலாம் என்று தோன்றியது. எடுத்தால் திரும்பப் படம் வராமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. பரிசு கொடுத்து முடித்த பிறகுதான் உள்ளே வந்தார். இமை மயிர்கூடக் கறுத்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தபோது பல் மட்டும் தெரிந்தது.

"யாருட்டி ஜெயிச்சா?" என்றார்.

சொன்னேன். அந்தப் பெண் யாரென்றே அவருக்குத் தெரியாது. "அப்படியா! நல்லது நல்லது" என்று சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

இப்போது நினைத்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. அன்றைக்கு வரவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது அப்பாவும் சித்தப்பாவும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு எங்களை அழைத்துப் போக வந்தார்கள். பெரியப்பா காலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். பந்தயத்தில் ஜெயித்தவர் அல்லவா. அப்பா உட்கார்ந்து காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். லீவு பூரா இருந்துவிட்டோமே என்று அவர் முகத்தில் ஆச்சரியம்.

"எப்படில இருந்துச்சு?" என்று தம்பியைக் கேட்டார்.

"சூப்பர்ப்பா. நம்ம வீட்டவிட இங்கதான் படம் கிளியரா வருது."

"கரண்ட் போனாலும் ஓடும் பெரியப்பா" என்று சித்தப்பா மகனும் என் அப்பாவிடம் சொன்னான்.

அப்பா சிரித்தார். "சரி, அப்புறம்?"

அப்புறம் என்ன? நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் மூத்தவள் என்பதால் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நானும் யோசித்தேன். என்ன யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"நீச்சல் படிச்சியளா?"

"புள்ளைகளுக்கு எங்கப்பா நேரம் இருந்துச்சு?" என்று பெரியப்பாவே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்தார். பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அங்கே டம்ளர் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சித்தப்பாகூட, "அண்ணேன், நாங்க கழுவிக்கிடுதோம், வாங்க" என்று கூப்பிட்டார்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்ததும் அப்பா எழுந்து நின்றார். அப்பா ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான்.

"சரிண்ணேன், சொன்ன மாதிரியே புள்ளைக இருந்துட்டாக. இனிமே விக்கிற பேச்சே கிடையாது. வீடு உங்களுக்குத்தான்."

நாங்கள் மூவரும் கைதட்டிக் குதித்தோம். எங்களால்தானே! பெரியப்பா எங்களைப் பார்த்தார். வெகு பிரியமாகப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"வேண்டாம்ப்பா. காத்தாடிக்காரங்களுக்கே குடுத்துருவோம்" என்றார்.

"என்னண்ணேன் இது? நீங்கதான ஜெயிச்சிய?"

"ஆமா. ஜெயிச்சாச்சு. போதும்." குரலில் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு சுமையை இறக்கி வைக்கிறவர் மாதிரி இருந்தது. "நான் டவுனுக்கே வந்துருதேன். ஒரு ரூம் பாருங்க."

அப்பா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு, இவ்வளவு நாள் இருந்து, ஜெயித்துக் கொடுத்த வீட்டை இப்படியா வேண்டாம் என்பது? அதற்குள் பெரியப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வரப்புப் பக்கம் போய்விட்டார். டிஷ்ஷைக் கழற்றி, துண்டால் நன்றாகத் துடைத்து, கொண்டு வந்து எங்கள் மூவர் மடியிலுமாகக் காரின் பின்சீட்டில் வைத்தார்.

"மதுரைக்குக் கொண்டு போ. உனக்கு ஆகும்" என்றார் சித்தப்பா மகனிடம். "பத்திரமாப் பிடிச்சுக்கிடுங்க. வளைஞ்சா படம் வராது."

கார் கிளம்பியது. பெரியப்பா கையை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மண்பாதை குலுக்கிய குலுக்கலில் டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் எங்களால் திருப்பிக் கையாட்ட முடியவில்லை. தார் ரோடு ஏறியதும் நான் அப்பாவிடம் கேட்டேன், பெரியப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று. முன்சீட்டில் இருந்த அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே நானே யோசித்தேன். பாவம், எத்தனை நாள்தான் மஞ்சளைத் துடைப்பார், ஆட்டைத் துரத்துவார், காற்றில் நிற்பார்? டிஷ்ஷோடு மாரடித்து அலுத்துப் போய்விட்டார் என்று முடிவு செய்தேன். அந்த டிஷ்தான் எங்களோடு வந்துவிட்டதே, இனிமேல் பெரியப்பா நிம்மதியாக இருப்பார் என்று நினைத்து, அது வளைந்துவிடாமல் வழி முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.